ஒரே பஞ்சாரத்தில் மூன்று ஊர்க் குஞ்சுகள்

விமானத்தில் வரும் குஞ்சு, அரசுப் பண்ணைக் குஞ்சு, வீட்டுக் கோழி பொரித்த குஞ்சு. அந்தமான் நிகோபார் தீவுகளில் இவை மூன்றும் ஒரே முற்றத்தில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பு சரியாக நடக்கிறதா என்பதைப் பொறுத்தே ஒரு வீட்டின் முட்டையும் ஓர் இனத்தின் எதிர்காலமும் அமைகின்றன.

சென்னையிலிருந்து வரும் விமானத்தின் சரக்கில் பக்கவாட்டில் துளை போட்ட அட்டைப் பெட்டிகளும் இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு அறைகள், அறைக்கு 25 குஞ்சுகள். வழியில் சாகக்கூடியவற்றுக்கு ஈடாகப் பொரிப்பகத்தார் இரண்டொன்றைக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். பொரிந்து ஒரு நாள்கூட ஆகாத அந்தக் குஞ்சுகளுக்கு வழியில் தீனி கிடையாது, தண்ணீர் கிடையாது. ஆனால் பெரும்பாலானவை உயிரோடு வந்து சேரும். முட்டையின் மஞ்சள் கருவில் மிச்சமிருப்பது பொரிவதற்குச் சற்று முன்பு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு நாள் தாங்கும். கோழிக் குஞ்சு வியாபாரம் கடல் கடந்து நடப்பதற்கே இந்த ஓர் ஏற்பாடுதான் காரணம்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில் இறங்கும் பெட்டிகள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. லாரியில் ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் போகலாம். கப்பல் ஏறினால் ஹட் பே, கார் நிகோபார், தென்கோடியில் கேம்பல் பே வரை போகலாம். போய்ச் சேரும் வீட்டில் அநேகமாக ஏற்கெனவே ஒரு கோழி அடையிலிருந்து எழுந்து எட்டுக் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கூண்டில் கால்நடைத்துறைப் பண்ணையிலோ ஆராய்ச்சி நிலையத்திலோ வாங்கிய பத்துக் குஞ்சுகள் இருக்கும். இருப்பது ஒரே பல்பு, ஒரே தண்ணீர்க் குவளை. எல்லாம் குஞ்சுதானே என்று வீட்டுக்காரர் மூன்றையும் ஒன்றாக விட்டுவிடுகிறார்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் குஞ்சுகள் தங்களோடு கொண்டு வருபவை ஒன்றல்ல. ஒன்றுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கும், இன்னொன்றுக்கு இல்லை. ஒன்றின் தாய் முட்டை வழியாக எதிர்ப்பு சக்தியைக் கொடுத்தனுப்பியிருக்கும், மற்றொன்றின் தாய் நோயையே கொடுத்தனுப்பியிருக்கும். கடல் சூழ்ந்த தீவில் வெளியிலிருந்து வரும் கோழி நோய்க்கு இயற்கையான வேலி கடல்தான். அந்த வேலியைத் தாண்ட ஓர் அட்டைப் பெட்டி போதும்.

பல ஊர்க் கோழிகள்

அந்தமானை 'மினி இந்தியா' என்று சொல்வது வழக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வங்காளம் பேசுபவர்களே அதிகம். தமிழ் பேசுபவர்கள் சுமார் 15 சதவீதம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள், ராஞ்சிப் பகுதித் தொழிலாளர்கள், 1925 முதல் மாயாபந்தர் பக்கம் குடியேறிய பர்மாவின் கரேன் மக்கள், 1969-க்குப் பின் கேம்பல் பேயில் நிலம் பெற்ற முன்னாள் ராணுவத்தினர், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் என்று ஒவ்வோர் அலையாக மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். வீடு கட்டி அமர்ந்தவர்களின் கொல்லையில் கோழியும் சேர்ந்தது. இன்று அந்தமான் பகுதியின் முற்றத்துக் கோழி பெரும்பாலும் பல ரத்தம் கலந்த நாட்டுக்கோழி.

நிகோபார் கதை வேறு. அங்கே மனிதர்களைப் போலவே கோழிக்கும் நெடுங்காலத் தனி வாழ்வு இருந்தது. குட்டைக் கால், கச்சிதமான உடல், அடக்கமான நடை கொண்ட அந்தக் கோழியை நிகோபாரிகள் தங்கள் மொழியில் 'தக்னியெத் ஹியும்', அதாவது குட்டைக்கால் கோழி என்று அழைக்கிறார்கள். கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று மூன்று வகை உண்டு. துருவிய தேங்காயைத் தின்று, இரவில் மரத்திலோ வீட்டுக்கடியிலோ அடைந்து வளரும் இந்தக் கோழியை விஞ்ஞானிகள் கவனித்ததற்குக் காரணம் அதன் முட்டை. சாதாரண நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முட்டை இட்டாலே வீட்டில் மகிழ்ச்சி. நிகோபாரி கோழியோ பண்ணைப் பராமரிப்பில் 140 முதல் 160 வரை இடுகிறது. இந்தியாவின் சொந்தக் கோழி இனங்களில் இதுவே அதிகம். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனத்தின் பதிவேட்டில் தனி இனமாக இது இடம்பெற்றிருக்கிறது.

1978-ல் போர்ட் பிளேயரில் தொடங்கப்பட்ட மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம், இப்போது மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம், இந்த இனத்தைக் காப்பதையும் பெருக்குவதையும் தன் வேலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. நிகோபாரியோடு வெளி இனங்களைச் சேர்த்து நிக்கோராக், நிஷிபாரி என்ற கலப்பினங்களையும் அது உருவாக்கியது. பின்னர் ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தின் 'வனராஜா'வும் தீவுகளுக்கு வந்தது. பல வண்ண இறகு, நல்ல எடை, முற்றத்தில் விட்டாலும் ஆண்டுக்கு நூறு முட்டைக்குக் குறையாது என்ற பெயர் எல்லாம் சேர்ந்து அதற்கு வரவேற்பு கிடைத்தது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. நிகோபார் தீவுகளின் கடலோரக் கிராமங்களோடு பன்றிகளும் கோழிகளும் பெருமளவில் போயின. பன்றியும் கோழியும் தென்னையும்தான் அங்கே ஒரு கூட்டுக் குடும்பத்தின் சொத்து. உயிர் பிழைத்தவர்களுக்கு மறுவாழ்வு தர நினைத்தவர்கள் முதலில் யோசித்தவற்றில் கோழியும் ஒன்று. ஆறு மாதத்தில் முட்டை தரக்கூடிய வேறு கால்நடை ஏது? அப்படித்தான் வெளியிலிருந்து வந்த குஞ்சுகளும் மிச்சமிருந்த குட்டைக்கால் கோழிகளும் அருகருகே வாழும் நிலை விரைவுபட்டது.

பெட்டிக்குள் வரும் நோய்

பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சின் கழுத்தில் பெட்டிக்குள் போகுமுன்பே ஓர் ஊசி போடப்பட்டிருக்கும். அது மேரக்ஸ் நோய்க்கானது. 1907-ல் ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மேரக் முதலில் விவரித்த இந்த நோய், கோழியின் நரம்பைத் தாக்கி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக நீட்டிப் படுக்க வைக்கும். உள்ளுறுப்புகளில் கட்டிகளையும் உண்டாக்கும். வைரஸ் இறகுத் தூசியில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. இந்தத் தடுப்பூசி கோழியை நோயிலிருந்து காக்கிறதே தவிர, தொற்றிலிருந்து முழுமையாகக் காப்பதில்லை. ஊசி போட்ட கோழி நன்றாகவே வளர்ந்துகொண்டு, தன் உடலில் புகுந்த வைரஸைத் தூசி வழியாக வெளியேற்றிக்கொண்டும் இருக்க முடியும். 2015-ல் வெளியான ஒரு பிரபல ஆய்வு, சாதாரணமாகத் தான் தொற்றிய கோழியை விரைவில் கொன்று தானும் அடங்கிவிடும் கடுமையான மேரக்ஸ் வகைகள், தடுப்பூசி போட்ட கோழிகளில் நீடித்துப் பிற கோழிகளுக்குப் பரவ முடிவதைக் காட்டியது. அப்படிப்பட்ட கோழியோடு ஊசியே போடாத வீட்டுக் குஞ்சை விட்டால் யார் பாதிக்கப்படுவார் என்பது வெளிப்படை. பாதிப்பு தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் வீட்டுக்காரர் பெட்டி வந்த நாளையே மறந்திருப்பார். காலை இழுத்துக்கொண்டு கிடக்கும் கோழியைப் பார்த்து வாதம் என்பார், கண் பட்டது என்பார்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. முற்றத்துக் கோழிகளிடையே வெள்ளைக் கழிச்சல் என்று கிராமத்தில் அறியப்படும் ராணிக்கெட் நோய் சுற்றிக்கொண்டிருக்கலாம். 1920களின் பிற்பகுதியில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டதால் அந்தப் பெயர். அதே சமயத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் கண்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. ஒரு கிராமத்தின் கோழிகளை ஒரு வாரத்தில் துடைத்துப்போடும் வல்லமை அதற்கு உண்டு. பொரிப்பகக் குஞ்சுக்கு மேரக்ஸ் ஊசிதான் போடப்பட்டிருக்கும். ராணிக்கெட் சொட்டு மருந்து ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ விடப்பட வேண்டியது. அந்த நாள் வருமுன்பே பெட்டிக் குஞ்சு முற்றத்தில் இறக்கப்பட்டால், காப்பு இல்லாமல் களத்தில் நிற்கிறது.

மூன்றாவது வகை நோய் முட்டைக்குள்ளிருந்தே வரும். புல்லோரம் எனப்படும் வெண்ணிறக் கழிச்சலை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி தாயின் சூலகத்திலிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து குஞ்சுக்கும் போகிறது. மைகோபிளாஸ்மா எனப்படும் சளி நோய்க் கிருமியும் அப்படியே. நோயுள்ள ஒரு குஞ்சு பொரிந்தால் அதே அறையில் பொரிந்த மற்றவையும் மூச்சு வழியாக அதைப் பெறும். நல்ல தாய்ப் பண்ணைகள் ரத்தப் பரிசோதனை செய்து புல்லோரம் உள்ள கோழிகளை விலக்குகின்றன. விலை மலிவு என்று பெயர் தெரியாத இடத்தில் வாங்கும் குஞ்சுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

தாய் கொடுத்த காப்பு

ஒரே நாளில் பொரிந்த குஞ்சுகள் என்றால் ஒன்றாக வளர்க்கலாம் என்பது பொதுவான நம்பிக்கை. வயதைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் குஞ்சின் ரத்தத்தில் ஓடும் எதிர்ப்பு சக்தி வயதைப் பொறுத்ததல்ல, தாயைப் பொறுத்தது. தடுப்பூசி முறையாகப் பெற்ற தாய்க்கோழியின் குஞ்சு மஞ்சள் கரு வழியாகக் கிடைத்த காப்போடு பிறக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் அது தேய்ந்து தீரும். அதுவரை அந்தக் காப்பு, போடும் தடுப்பு மருந்தையும் ஓரளவு செயலிழக்கச் செய்யும். தடுப்பூசியே அறியாத நாட்டுக்கோழியின் குஞ்சுக்கு அத்தகைய காப்பும் இல்லை, தடையும் இல்லை.

ஆகவே பல இடத்துக் குஞ்சுகளைக் கலந்து ஒரே நாளில் மருந்து விட்டால் பாதிக்குப் பிடிக்கும், பாதிக்குப் பிடிக்காது. 14-ம் நாளில் தரும் கம்போரோ மருந்தில் இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும். 28-ம் நாளில் ராணிக்கெட் மருந்தை மறுபடி கொடுப்பதற்கு ஒரு காரணம், முதல் முறை பிடிக்காதவற்றுக்கு இன்னொரு வாய்ப்பு தருவதுதான். நாட்டுக் குஞ்சுதானே, தாங்கும் என்று அதை விட்டுவிடுபவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

மழையும் கூளமும்

தீவுகளுக்கே உரிய எதிரி ஈரம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை இரண்டு பருவக்காற்றிலும். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. நாமக்கல்லிலோ பல்லடத்திலோ வெயிலில் காய்ந்துவிடும் கூளம் இங்கே காய்வதில்லை.

ரத்தக் கழிச்சல் நோயை உண்டாக்கும் ஐமீரியா ஒட்டுண்ணிக்கு இதைவிட வசதி வேறில்லை. எச்சத்தோடு விழும் அதன் முட்டைகள், வெப்பமும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். வளர்ந்த கோழிகள் அதைப் பழகிக்கொண்டு நோயில்லாமல் எச்சத்தில் போட்டபடி இருக்கும். அந்தத் தரையில் இறக்கப்படும் மூன்று வாரக் குஞ்சு நான்காவது வாரத்தில் இறகு சிலிர்த்து, கண் மூடி, ரத்தமாகக் கழித்துச் சாகும். வெவ்வேறு வயதுக் கோழிகளை ஒன்றாக விடக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சலிக்காமல் சொல்வதன் முதல் காரணம் இதுதான். நெல் உமியோ மரத்தூளோ இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, தினமும் கிளறி, தண்ணீர்க் குவளையைச் சுற்றி நனைந்ததை அன்றன்றே அள்ளி எறிவது தீவில் மருந்துக்குச் சமம்.

ஈரம் தீவனத்தையும் விடுவதில்லை. பெரும்பாலான தீவனம் கப்பலில்தான் வருகிறது. வந்து தேங்கி நிற்கும் மூட்டையில் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். குஞ்சுகளோடு வாத்துக் குஞ்சுகளையும் சேர்த்து வளர்க்கும் வீடுகளில் முதலில் விழுவது வாத்துக் குஞ்சு. அந்த நஞ்சு அதற்கு ஆகவே ஆகாது.

கொத்தும் வரிசை

நோய் இல்லாவிட்டாலும் கலப்பில் சண்டை உண்டு. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை 1920களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெருப்-எப்பே எழுதினார். குஞ்சுகளிடையே இந்த வரிசை சில வாரங்களில் உருவாகத் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் உறுதிப்படுகிறது. அதற்கு முன் சேர்ந்த குஞ்சுகள் ஒன்றாகவே வளர்ந்தவைபோல் நடந்துகொள்ளும். பின்னால் சேர்க்கப்படுவது கடைசிப் படியில் நின்று கொத்து வாங்கும். பிறகு தீனித் தட்டை நெருங்கப் பயந்து இளைக்கும்.

வளர்ச்சி வேகமும் ஒரு பிரச்சினை. கறிக்கோழிக் குஞ்சு ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும்போது நிகோபாரி குஞ்சு அரை கிலோவைக்கூட எட்டியிருக்காது. ஒரே தட்டில் தின்னவிட்டால் சிறியது நசுங்கும். பெரியதன் அதிகப் புரதத் தீவனம் சிறியதற்கு வீண் செலவு. முட்டையிடும் கோழியின் சுண்ணாம்புச் சத்து மிகுந்த தீவனத்தைக் குஞ்சுகள் தின்றால் அவற்றின் சிறுநீரகம் கெடும்.

தாய்க்கோழியின் கீழ் வேற்றுக் குஞ்சைச் சேர்ப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் பழகிய கலை. பகலில் சேர்த்தால் கோழி கொத்தி விரட்டும். இரவில், அடைக்கோழி தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, பொரிந்து இரண்டு நாளுக்குள் இருக்கும் குஞ்சை இறக்கைக்கடியில் செருகினால் காலையில் அதைத் தன் குஞ்சாகவே ஏற்கும். குஞ்சும் முதல் ஓரிரு நாளில்தான் தாய் யார் என்று மனதில் பதித்துக்கொள்கிறது. மின்சாரம் நின்றுபோகும் மழைக்காலத்துத் தீவில், முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட்டும் பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைவாகவும் தேவைப்படும் வெப்பத்தைத் தர இதைவிட நம்பகமான புரூடர் கிடையாது. ஒரு கோழி 12, 15 குஞ்சுக்கு மேல் அணைக்க முடியாது என்பதே எல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வனராஜா கோழி அடை உட்காருவதில்லை. அதன் முட்டையை வீட்டிலேயே பொரிக்க வேண்டுமென்றால் நாட்டுக்கோழியின் அடைதான் வேண்டும். உயர் ரகம் என்று வாங்கிய கோழி தன் சந்ததிக்குப் பழைய ரகத்தின் இறக்கையையே நம்பியிருக்கிறது.

தாய் என்பதே இல்லாமல் வளரும் குஞ்சும் இதே தீவுகளில் உண்டு. நிகோபார் மெகாபோட் என்ற காட்டுப் பறவை கடலோர மண்மேட்டில் முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். மண்ணின் சூட்டில் பொரியும் குஞ்சு முழு இறகோடு தானே தோண்டிக்கொண்டு வெளியே வந்து தனியாகப் பிழைக்கும். வீட்டுக் கோழிக் குஞ்சுக்கு அந்த வரம் இல்லை. அதற்கு ஒரு தாயோ, தாயின் வேலையைச் செய்யும் மனிதரோ வேண்டும்.

ரத்தக் கலப்பு

நோய் வந்தால் கோழி சாகும், வேறு வாங்கலாம். இனக் கலப்பு அப்படிப்பட்டதல்ல. ஒன்றாக வளர்ந்த குஞ்சுகள் ஐந்தாறு மாதத்தில் சேவலும் பெட்டையுமாகின்றன. எடை கூடிய வெளிச் சேவல் முற்றத்தில் ராஜா. குட்டைக்கால் பெட்டை இடும் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை பாதி வெளி ரத்தத்தோடு வரும், அதற்கடுத்த தலைமுறை முக்கால்.

இழப்பு பெயருக்கு மட்டுமல்ல. ஈரத்தையும் வெப்பத்தையும் தேங்காய்த் தீனியையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி, விலைத் தீவனத்தை அதிகம் நம்பாமல், நாட்டு இனங்களில் எதுவும் தராத அளவு முட்டையைத் தரும் மரபணுச் சேர்க்கை ஒன்று உலகத்தில் இந்தச் சில தீவுகளில்தான் உருவாகியிருக்கிறது. வனராஜாவை ஹைதராபாத்தில் மறுபடி உண்டாக்க முடியும். அதன் தாய் தந்தை வரிசைகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. தூய நிகோபாரி தீர்ந்தால் அதை உண்டாக்கும் இடம் எதுவுமில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வனராஜா இரண்டு வரிசைகளின் கலப்பில் கிடைக்கும் கோழி. முதல் தலைமுறை காட்டும் திறனை அதன் முட்டையில் பொரிந்த அடுத்த தலைமுறை அப்படியே காட்டாது. ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் குஞ்சு வாங்க வேண்டும். கப்பல் நின்றால், விமானச் சரக்குக் கட்டணம் ஏறினால், 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக வெடித்ததுபோல் எங்காவது நோய் கிளம்பிக் குஞ்சுப் போக்குவரத்து முடங்கினால், தீவின் முற்றம் காலியாகும். அந்த நாளில் கைகொடுக்கக்கூடியது உள்ளூரிலேயே முட்டையிட்டு உள்ளூரிலேயே பெருகும் கோழிதான்.

வெளிக் குஞ்சே வேண்டாம் என்று சொல்வதும் நடைமுறை ஆகாது. தீவில் முட்டைக்கும் கறிக்கும் தேவை கூடிக்கொண்டே இருக்கிறது. நகரத்தை ஒட்டிய பண்ணைக்கு வேகமாக வளரும் கோழி வேண்டும். தூய இனத்தை நிகோபார் கிராமங்களிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் தனித்து வைத்து, கலப்பினத்தையும் வெளிக் குஞ்சையும் அந்தமான் பகுதியின் பண்ணைகளுக்குத் தருவது இரண்டு தேவைக்கும் இடம் கொடுக்கும். நிகோபாரி வளர்க்கும் வீட்டில் வெளிக் குஞ்சும் இருந்தால் அதன் சேவல்களை நான்கு மாதத்துக்குள் கறிக்கு ஒதுக்கிவிடுவது எளிய வழி.

தாய் வீடு

நோய்ப் பக்கத்துக்கு நாட்டில் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது. மத்திய அரசின் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டத்தில் 'மதர் யூனிட்' என்ற இடைநிலை ஏற்பாடு உண்டு. பொரிப்பகக் குஞ்சுகளை நேரடியாக ஏழைக் குடும்பத்திடம் கொடுக்காமல், ஊரில் ஒருவரின் கொட்டகையில் நான்கு வாரம் வளர்த்து, தடுப்பு மருந்துகளை முடித்து, பிழைத்தவற்றை மட்டும் விநியோகிக்கிறார்கள். குடும்பத்துக்குக் கிடைப்பது சூடு தேவைப்படாத, சொட்டு மருந்து இரண்டு முறை பெற்ற குஞ்சு. தீவுக் கூட்டத்தில், ஒவ்வொரு தீவுக்கும் இப்படி ஒன்றிரண்டு கொட்டகைகள் நன்றாக இயங்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மருந்து வரும் அளவும் தடையாக இருக்கிறது. ராணிக்கெட் சொட்டு மருந்து பெரும்பாலும் நூறு டோஸிலிருந்துதான் குப்பியில் வருகிறது. குளிர்பதனத்தில் வைத்து, கரைத்ததும் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். எட்டுக் குஞ்சு வைத்திருப்பவர் அதை எப்படி வாங்குவார்? ஊர் முழுவதும் ஒரே நாளைக் குறித்து எல்லார் குஞ்சுக்கும் சேர்த்து விடுவதே வழி. வீட்டுக் கோழி பொரித்த குஞ்சுகளும் அந்த வரிசையில் நின்றால், வந்த குஞ்சுக்கும் பிறந்த குஞ்சுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு குறையும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாட்டுக்கோழிகளுக்காகவே உருவாக்கிய, கொத்தித் தின்றாலே போதும் என்ற குருணை வடிவ ராணிக்கெட் மருந்து இந்தச் சிறு வளர்ப்பாளர்களை மனதில் வைத்ததுதான்.

வீட்டளவில் செய்ய வேண்டியவை எளியவை. வெவ்வேறு இடத்திலிருந்து வந்திருந்தாலும், பொரிந்து மூன்று நாளுக்குள் இருப்பவையும் நம்பகமான பொரிப்பகத்திலிருந்து வந்தவையும் என்றால் முதல் நாளிலேயே ஒரே புரூடரில் சேர்க்கலாம். இறங்கியதும் வெல்லம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு தாளில் தூவிய குருணை. வயது ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசப்பட்டாலோ, வந்த இடம் சந்தேகமானாலோ தனிக் கொட்டகை. அது வீட்டின் மறுபக்கம், காற்று எதிர்த்திசையில் இருந்தால் நல்லது. தினமும் முதலில் சிறியவற்றுக்குத் தீனி, பிறகு பெரியவற்றுக்கு, கடைசியில் புதிதாக வந்தவற்றுக்கு. செருப்பு மாற்ற வேண்டும், கை கழுவ வேண்டும், குவளையை மாற்றிப் புழங்கக் கூடாது. ராணிக்கெட் கிருமி உடலில் புகுந்து இரண்டு வாரத்துக்குள் வெளிப்பட்டுவிடும், ரத்தக் கழிச்சல் நான்காவது வாரத்துக்குள் தெரிந்துவிடும். அதனால் நான்கு வாரம் பிரித்து வைப்பது வெறும் சம்பிரதாயம் ஆகாது. மைகோபிளாஸ்மா போல் வாழ்நாள் முழுதும் ஒளிந்திருக்கும் நோய்களைக் காத்திருப்பு காட்டிக்கொடுக்காது. அதற்குக் குஞ்சு வாங்கும் இடத்தைத் தெரிந்து வாங்குவது ஒன்றே தற்காப்பு.

பிரித்து வைத்த காலம் முடிந்ததும் இரண்டு கூட்டத்தையும் நடுவில் வலை மட்டும் இருக்கும்படி சில நாள் பழகவிட்டு, அந்தி மயங்கிய பிறகு ஒன்றாக அடைத்தால் காலைச் சண்டை குறையும். தீனித் தட்டையும் தண்ணீரையும் இரண்டு மூலைகளில் வைத்தால் கொத்து வாங்குவதற்கும் பசியாறும் வழி இருக்கும்.

இதற்கெல்லாம் வேண்டியது ஒரு கூடுதல் பஞ்சாரமும் ஒரு மாதப் பொறுமையும். கேம்பல் பேக்குக் கப்பல் எப்போது வரும் என்று துறைமுகத்தில் விசாரித்துப் பழகிய தீவுவாசிகளுக்குக் காத்திருப்பது புதிய விஷயமல்ல.